லாக் புக்கை நாளைக்கு எழுதலாம் என்று வைக்காதீர்கள்: வார்டு போஸ்டிங்கில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஒவ்வொரு துறையின் வார்டிலும் சில வாரம் பயிற்சி பெறுவதுதான் போஸ்டிங். ஒவ்வொரு போஸ்டிங்கின் கடைசி நாளிலும் எங்கள் டிபார்ட்மென்ட் வாசலில் ஒரு வரிசை நிற்கும். கையில் லாக் புக் (செய்த பயிற்சிகளைப் பதிந்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் ஏடு), கண்ணில் தூக்கம். இரண்டு வாரம் பார்த்ததையெல்லாம் முந்தின ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதி, கையெழுத்துக்காக வந்திருப்பார்கள். "இந்த நோயாளிக்கு மண்ணீரல் எவ்வளவு பெரிதாக இருந்தது? நீ தொட்டுப் பார்த்தாயா?" என்று ஒன்று கேட்டால் போதும், பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தபோது நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். இப்போது பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியர். கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, இந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. திறமைக்குக் குறைவில்லை. வார்டு ஒன்று, பாடம் வேறொன்று என்று பிரித்து வைத்துக்கொள்வதால்தான் இரண்டும் கைநழுவுகின்றன.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. இரண்டாம் ஆண்டிலேயே வார்டு தொடங்கிவிடும். தினமும் 3 மணி நேரம் வார்டு, மீதி நேரம் வகுப்பும் லேபும். தியரிக்கு 75 சதவீதமும், பிராக்டிகல் மற்றும் வார்டுக்கு 80 சதவீதமும் அட்டென்டென்ஸ் வேண்டும். இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் உள்மதிப்பீடு) மதிப்பெண் தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியே 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சேர்த்துப் பார்த்தால் 50 இருக்க வேண்டும். சான்றளிக்க வேண்டிய திறன்களை முடித்ததாக லாக் புக்கில் பதிவு இருக்க வேண்டும். இவற்றோடு செமினார், ஏட்காம் (மருத்துவ நெறி, நோயாளியோடு பேசும் முறை) வகுப்பு, உடல்நலத்தைக் கவனிக்க ஒவ்வொரு மாணவரும் தத்தெடுத்த கிராமக் குடும்பங்களைப் போய்ப் பார்த்து வருவது. இதில் ஏதாவது ஒன்று இடித்தாலும் பரீட்சை எழுதுவது சிக்கலாகிவிடும்.

பெரிய தவறு லாக் புக்கைத் தள்ளிப்போடுவதுதான். அந்தப் பக்கத்தில் இருக்கும் கட்டங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். என்ன செய்தாய், எந்தத் தேதி, முதல் முயற்சியா மறுமுறையா, எதிர்பார்த்த அளவுக்குச் செய்தாயா, ஆசிரியரின் முடிவு என்ன, அவர் கையெழுத்து, உன் கையெழுத்து, அவர் சொன்ன திருத்தம் உனக்குக் கிடைத்ததா. கடைசிக் கட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தப் பக்கத்திலேயே மதிப்பு மிக்க இடம் அதுதான். "ரத்த அழுத்தம் பார்க்கும்போது கஃப்பைச் சட்டைக் கைக்கு மேலேயே கட்டினாய்" என்று அன்றைக்கே ஒருவர் சொன்னால் அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து எழுதினால் அந்தத் திருத்தம் எங்கே வரும்? "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதைத் தவிர எங்களுக்கும் வேறு வழி இருக்காது.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) அடுத்த மாதம் வேறு யூனிட்டுக்குப் போயிருப்பார். உதவிப் பேராசிரியருக்கு இடமாறுதல் வந்திருக்கும். நான் படிக்கும்போது ஒரு சிறு போஸ்டிங்கில் எட்டுப் பதிவுக்குக் கையெழுத்து வாங்காமல் விட்டேன். வாங்கப் போனபோது அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "நான் பார்க்காததற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த எட்டையும் மறுபடி செய்ய ஒரு மாதம் சாயங்காலங்கள் போயின. அதனால் வார்டை விட்டு வெளியேறும் முன், அங்கேயே ஜன்னலோரம் நின்று 10 நிமிடத்தில் எழுதிவிடுங்கள். அன்று இல்லாவிட்டாலும் மறுநாள் காலை ரவுண்ட்ஸ் தொடங்கும் முன் கையெழுத்து வாங்கிவிடலாம்.

அப்புறம், பார்க்காத கேஸைப் பார்த்ததாக எழுதாதீர்கள். பக்கத்து அறை நண்பனின் லாக் புக்கைப் பார்த்து எழுதுவது ஹாஸ்டலில் சகஜம் என்று எனக்குத் தெரியும். ஒரே பேட்சில் நான்கு பேர் ஒரே நோயாளிக்கு ஒரே வார்த்தையில், எழுத்துப் பிழை முதற்கொண்டு ஒன்றாக எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்டனையை விடுங்கள். செய்யாததைச் செய்ததாக ஒரு மருத்துவர் எழுதிப் பழகினால், நாளைக்கு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் அந்தக் கை அப்படியே எழுதும். அதுதான் எனக்குப் பயம்.

அட்டென்டென்ஸ் கணக்கில் ஏமாறுவது இன்னொன்று. மெடிசின், சர்ஜரி போன்ற நீண்ட போஸ்டிங்கில் இரண்டு நாள் போனால் பெரிதாகத் தெரியாது. தோல், மனநலம் போன்ற சிறு போஸ்டிங்கில் அப்படியில்லை. 12 நாள் போஸ்டிங்கில் 3 நாள் வராவிட்டால் கையில் இருப்பது 9 நாள், அதாவது 75 சதவீதம். 80-ஐத் தொடவில்லை. பொங்கல் சமயத்தில்தான் இது அதிகம் நடக்கும். அரசு விடுமுறை போக, முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் சேர்த்து ஊருக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அறுவடை நடக்கும், போகாமல் இருக்க முடியாது, புரிகிறது. ஆனால் அந்த வாரத்தில் எந்த போஸ்டிங் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இனி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நினைப்பது. இன்டர்னல் வந்துவிட்டால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வார்டில் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். வெள்ளைக் கோட்டுக்குள் பார்மகாலஜி (மருந்தியல்) நோட்டு இருக்கும், அல்லது போனில் வீடியோ வகுப்பு ஓடும். வார்டில் நிற்கும் நேரம் வீண், படிப்பு வேறெங்கோ இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் காலை, வரப்பில் நடந்தபோது பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கணுக்காலுக்கு மேல் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, மேஜைமேல் ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "20 நிமிடம் யாரும் தொடக் கூடாது" என்றேன். மறுநாள் பார்மகாலஜி இன்டர்னல். பேட்சில் பாதிப் பேர் நைஸாக நகர்ந்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் சுவர்க் கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். 20-வது நிமிடம் குழாயை அவள் கையில் கொடுத்துச் சாய்க்கச் சொன்னேன். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவே இல்லை.

அந்த ஒரு குழாயில் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். கண்ணாடி விரியனின் நஞ்சு உறைதல் காரணிகளைத் தூண்டிவிட்டு, அவை தீர்ந்துபோகும்படி செய்கிறது. அதனால்தான் ரத்தம் உறையவில்லை. இது பேத்தாலஜி (நோயியல்). பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் நல்ல ரத்தமும் நேரத்துக்கு உறையாமல் நம்மை ஏமாற்றும், அதனால் கண்ணாடி. இது பிராக்டிகல். நஞ்சுமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். வேற்று விலங்கின் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம், பக்கத்திலேயே அட்ரினலின் இழுத்து வைத்திருக்க வேண்டும். மறுநாள் கேட்கப்போகும் பார்மகாலஜி இதுதான். ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் எழுதுவது) ஏன் போடுகிறோம் என்பது தடயவியல் மருத்துவம். வயலில் வேலை செய்பவர்களை ஏன் அதிகம் கடிக்கிறது, செருப்பும் டார்ச்சும் எவ்வளவு தடுக்கும் என்பது சமூக மருத்துவம். கூட வந்த மனைவியிடம் என்ன நடக்கிறது என்று சொல்வது ஏட்காம். அந்தப் பெண் அன்று லாக் புக்கில் ஒரு பக்கம் எழுதினாள். ராத்திரி அந்த ஒரு நோயாளியை வைத்தே ஐந்து பாடத்தையும் புரட்டினாள். மற்றவர்கள் படித்த அதே பக்கங்கள்தான், ஆனால் அவளுக்கு அவை மறக்காது.

எனவே வார்டில் நிற்கும் நேரத்தை இன்டர்னலுக்கு எதிரியாக நினைக்காதீர்கள். தினம் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவர் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்தும் ஏன், என்ன அளவு என்று அன்றைக்கே படியுங்கள். டெல்டா வார்டுகளில் எலிக்காய்ச்சல், பூச்சிமருந்து விஷம், அரளி விதை என்று வருவது ஒவ்வொன்றும் அப்படித்தான்.

கேஸ் பிரசன்டேஷனில் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. பி.ஜி. எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்து ஹிஸ்டரியை (நோயாளி சொல்லும் நோய் விவரத்தை) எழுதிவிடுவார்கள். நோயாளி படுக்கையில் சும்மா படுத்திருப்பார், அவரோடு பேசியே இருக்க மாட்டார்கள். ஒரு மாணவர், பாட்டிக்கு வலிப்பு வந்ததாகச் சொல்லி, வலிப்பின் காரணங்களை அழகாக அடுக்கினார். பாட்டியிடம் போய், "இழுப்புன்னா என்ன பண்ணுச்சு ஆச்சி?" என்று கேட்டேன். "ராவுல படுக்க முடியலப்பா, மூச்சு விட முடியாம நெஞ்சுக்குள்ள விசிலடிக்குது" என்றார். நம் மக்கள் இழுப்பு என்று வலிப்பு, மூச்சிரைப்பு இரண்டையும் சொல்வார்கள். "கிட்னியில உப்பு" என்றால் யூரியா, கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தந்த ஊர்ச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, "அப்படின்னா என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள். உங்கள் தாய்மொழியிலேயே ஹிஸ்டரி எடுக்கும் வாய்ப்பு எவ்வளவு பெரியது என்பது வெளிமாநிலத்துக்கு மேற்படிப்புக்குப் போகும்போதுதான் தெரியும்.

பிரசவ வார்டு பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகள் காலை 9-லிருந்து 12-க்குள் மட்டும் பிறப்பதில்லை. காலையில் மட்டும் போய்விட்டு, "கேஸ் கிடைக்கவில்லை" என்று சொல்லாதீர்கள். சாயங்காலமும் ராத்திரியும் டூட்டி டாக்டரிடம் அனுமதி கேட்டுப் போக வேண்டும். தஞ்சாவூரில் பிரசவப் பிரிவு நகருக்குள் ராஜா மிராசுதார் மருத்துவமனையில், கல்லூரியிலிருந்து தள்ளி இருக்கிறது. கடைசி நேரத்தில் ஓடிப் போய்ச் சேர முடியாது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முழு ராத்திரி இருப்பதாகத் திட்டமிட்டால்தான் நடக்கும்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் தவறுவது பெரும்பாலும் காலண்டரைப் பார்க்காததால். சென்னை மாணவர் ஒருவர் நடவு நாளில் காலை 10 மணிக்குத் தன் குடும்பங்களைப் பார்க்கப் போனார். எல்லா வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. திண்ணையில் ஒரு நாயும், வெற்றிலை இடித்துக்கொண்டு ஒரு தாத்தாவும்தான். பெண்கள் முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள், ரத்த அழுத்தம் பார்க்க யார் வீட்டில் இருப்பார்கள்? மினி பஸ் மறுபடி மூன்று மணிக்குத்தான். அந்த நாள் அப்படியே போயிற்று. நடவு, அறுவடை நாட்களில் காலை 7 மணிக்கு முன்போ சாயங்காலம் 5-க்குப் பிறகோ போங்கள். கிராம செவிலியரையோ ஆஷா பணியாளரையோ முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சில கிராமங்களுக்குப் பாதையே இருக்காது, அதற்கு முன் ஒரு சுற்றை முடித்துவிடுவது நல்லது. ஒருமுறை பார்த்த ரத்த அழுத்தத்தை அடுத்த முறை கொஞ்சம் மாற்றி எழுதிப் பதிவை நிரப்பாதீர்கள். அந்த வீட்டு அம்மாவுக்குக் கொதிப்பு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது நீங்களாகவே இருக்கலாம்.

கேஸ் ஷீட்டையும் எக்ஸ்ரேயையும் போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதைப் பார்த்து லாக் புக் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நோயாளியின் பெயர் அதில் இருக்கிறது. நம்பி வந்து படுத்திருப்பவர் அவர்.

கடைசியாக, வாய் திறக்காமல் இருப்பது. டெங்கு வந்து பத்து நாள் படுத்தவர்கள், வீட்டில் சாவு விழுந்து போனவர்கள், பாடம் புரியாமல் பின்தங்கியவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றே: யாரிடமும் சொல்ல மாட்டார்கள். 2020-இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதிகமாக வருகிறார்கள், மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது. அவர்களில் பலர், ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று தயங்கி, விட்டுப்போன பதிவுகளைச் சுமந்துகொண்டே திரிகிறார்கள். தமிழிலேயே கேளுங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். லாக் புக்கில் மறுமுயற்சிக்கும் குறைநீக்கும் பயிற்சிக்கும் தனிக் கட்டமே இருக்கிறது, அது அவமானம் இல்லை. போஸ்டிங் முடிவதற்கு நான்கு நாள் முன்னால் யூனிட் சீஃபைப் போய்ப் பாருங்கள். "சார், எனக்கு இந்த மூன்று விட்டுப்போச்சு, எப்போ வந்து செய்யட்டும்?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, அப்படிக் கேட்டவரிடம் எந்த சீஃபும் முடியாது என்றதில்லை. "சாயங்காலம் அட்மிஷன் டேக்கு (யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாளுக்கு) வா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.