கேம்பிரிட்ஜில் முதல் பருவம்: துடுப்புப் படகின் எட்டுப் பேரில் ஒருவர் ஆவது எப்படி?

கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் படகு கிளப்பில் சேர முன்அனுபவம் வேண்டாம். அக்டோபரில் கல்வியாண்டின் முதல் பருவமான மிக்கேல்மஸ் தொடங்கியதும் புதியவர்களைக் கிளப்பினரே தேடி வருவார்கள். நீச்சல் தெரியாதென்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். உடம்பை ஒட்டிய உடை போடுங்கள். துடுப்பு போடும்போது இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும்; தொளதொள சட்டையின் நுனி அதில் சிக்கும்.

முதல் பாடம் கரையில், எர்க் எனப்படும் துடுப்பு இயந்திரத்தில். இழுப்பின் கனத்தை மாற்றும் பக்கவாட்டு நெம்புகோலை 10-ல் வைப்பது புதியவர்களின் வீரம். 3 முதல் 5 போதும். அதிகமானால் ஒவ்வொரு இழுப்பும் கனத்து, அடிமுதுகு பிடித்துக்கொள்ளும். இழுக்கும்போது கால், பிறகு இடுப்பு, கடைசியில் கை. திரும்பும்போது கை, இடுப்பு, முழங்கால். நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு. இழுக்க ஒரு பங்கு நேரம், திரும்ப இரண்டு பங்கு. இருக்கை மட்டும் பின்னால் ஓடி, கைப்பிடி நின்ற இடத்திலேயே நின்றால் கால்விசை முழுக்க வீண்.

எர்க்கில் நடக்கும் 2000 மீட்டர் சோதனையில் அவசரக்காரர் யார் என்பது அம்பலமாகும். 8 நிமிடம் இலக்கு என்றால் 500 மீட்டருக்கு 2:00. முதல் 500-ஐ 1:45-ல் பறந்தவர் பாதி வழியில் கால் கனத்துத் தவிப்பார். 2:01-ல் தொடங்கி, நடுவில் பிடித்து நின்று, கடைசி 500-ல் மிச்சத்தைக் கொட்டுங்கள். தன் அளவு தெரிவது இங்கேதான்.

தண்ணீரில் கதையே வேறு. எட்டுப் பேர் படகு ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். அகலமோ உட்கார்ந்தால் இடுப்புக்குச் சரியாக இருக்கும். உங்கள் துடுப்பு இருக்கும் பக்கம் படகு சாய்ந்தால் உங்கள் கைப்பிடி தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். உயர்த்துங்கள், எதிர்ப்பக்கத்தார் தாழ்த்தட்டும். பலசாலி ஒருவர் தன் போக்கில் முந்தி இழுத்தால் படகு வேகமெடுக்காது, ஆடும். முன்னால் இருப்பவரின் முதுகைப் பாருங்கள். அவர் துடுப்பு நீரில் இறங்கும் நொடியில் உங்களுடையதும் இறங்க வேண்டும். கெட்டிக்கார மாணவர்களுக்கு இதுதான் கஷ்டம்: தனியாக நன்றாகச் செய்வதற்கு இங்கே மதிப்பெண் இல்லை.

துடுப்பின் தகட்டை நீரிலிருந்து எடுக்கும் முன்பே திருப்பினால் அது உள்ளே மாட்டி, கைப்பிடி வயிற்றை நோக்கிப் பாயும். 'நண்டு பிடிப்பது' என்பார்கள். கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள், விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து தலைக்கு மேலே போக விடுங்கள். படகு நின்றதும் மீட்டு, அடுத்த இழுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். வருத்தம் தெரிவிப்பதெல்லாம் கரையில்.

கொப்புளத்துக்குக் கையுறை தேடாதீர்கள், பிடி நழுவும். கழுவி, பிளாஸ்திரி ஒட்டினால் சரி.

காலை ஆறரைக்குப் படகு என்றால், எட்டுத் துடுப்புக்காரர்களும் திசை பிடிக்கும் காக்ஸும் கூடியாக வேண்டும். நீங்கள் தூங்கிவிட்டால் மற்ற எட்டுப் பேர் குளிரில் திரும்பிப் போவார்கள். வர முடியாதென்றால் முந்தின மாலையே சொல்லி, மாற்று ஆளையும் நீங்களே பிடித்துக் கொடுங்கள். ஒரே பருவத்தில் பலருக்கும் படுக்கும் நேரம் மாறிப்போவது இதனால்தான்.

டிசம்பரில் ஜீசஸ் கல்லூரி நடத்தும் ஃபேர்பேர்ன் கோப்பைப் போட்டியில் படகுகள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுக் கிளம்பும், வெற்றி கடிகாரத்தில். பக்கத்தில் போட்டிப் படகு இல்லாததால் வேகம் தானாகத் தளரும். அப்போது காக்ஸ் இழுப்புகளைப் பத்துப் பத்தாக எண்ணுவார். அந்தப் பத்தை மட்டும் இழுங்கள்.