பாலிபைரோல் படலத்தில் நகர்வது எந்த அயனி? நீங்களே சோதித்துப் பார்க்கலாம்

பாலிபைரோல் மின்சாரம் கடத்தும் பாலிமர். அதன் சங்கிலியில் மூன்று நான்கு வளையங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் நேர்மின்சுமை இருக்கும். அதைச் சமன்செய்ய, படலம் வளரும்போதே கரைசலில் உள்ள எதிரயனி (எதிர்மின்சுமை கொண்ட அயனி) உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மாசூட்டல் என்பது இதுதான்.

இந்தப் படலத்தை ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரான் கொடுத்தால், சங்கிலியின் மின்சுமை போய்விடும். அப்போது உள்ளே இருக்கும் எதிரயனி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு நேரயனி உள்ளே வர வேண்டும். எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் எதிரயனியின் பருமன்தான் தீர்மானிக்கிறது. குளோரைடு சின்னது, எளிதாக வெளியேறும். டோடெசைல்பென்சீன் சல்போனேட்டுக்கு நீண்ட வால் உண்டு, சங்கிலிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். (துணி சோப்புத் தூளில் நுரை தருவதும் இந்த வகைப் பொருள்தான்.) இரண்டிலும் ஒவ்வொரு படலம் வளர்த்து ஒப்பிடுவோம்.

படி 1: கரைசல்

100 மில்லி வாலைவடிநீரில் 0.7 மில்லி பைரோல் விட்டால் ஏறத்தாழ 0.1 மோலார் கிடைக்கும். பைரோல் பழுப்பேறியிருந்தால் வாலைவடித்த பிறகே பயன்படுத்துங்கள். அது நச்சு, எளிதில் தீப்பிடிக்கும். புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்தே கையாளுங்கள். இதே கரைசலை இரண்டு பீக்கரில் 100 மில்லி வீதம் தயாரித்து, ஒன்றில் 0.58 கிராம் சோடியம் குளோரைடும், இன்னொன்றில் 3.5 கிராம் சோடியம் டோடெசைல்பென்சீன் சல்போனேட்டும் சேருங்கள்.

படி 2: படலம் வளர்த்தல்

பிளாட்டினம் மின்முனையில், சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லியாம்பியர் வீதம் 200 விநாடி, ஆக்சிஜனேற்றம் நடக்கும் திசையில் மின்னோட்டம் செலுத்துங்கள். அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான கருப்புப் படலம் படியும். நன்றாகக் கழுவிவிடுங்கள், மிச்சம் மீதி பைரோல் ஒட்டியிருந்தால் பின்னால் குழப்பும்.

படி 3: சுழற்சி வோல்டாமெட்ரி

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, அப்போது ஓடும் மின்னோட்டத்தை வளைவாக வரைவதுதான் இந்த முறை. இனி பைரோல் வேண்டாம். 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலில் 15 நிமிடம் நைட்ரஜன் குமிழவிட்டு, இரண்டு படலங்களையும் தனித்தனியே −0.9 முதல் +0.4 வோல்ட் வரை (படி 4-இல் சொல்லும் ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்தது) ஓட்டுங்கள். ஆக்சிஜன் இருந்தால் எதிர்மறைப் பக்கத்தில் அதன் ஒடுக்க மின்னோட்டமும் சேர்ந்துகொள்ளும். நேர்மறைப் பக்கம் இதற்கு மேல் போக ஆசைப்படாதீர்கள். படலம் மிகை ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கடத்துதிறன் போனது போனதுதான். முதல் சுற்றின் வளைவு மற்றவற்றோடு ஒத்துப்போகாது. ஆகவே வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கிய பிறகு வருவதையே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: செறிவை மாற்றுதல்

சரி, இதுதான் முக்கியமான கட்டம். உப்பை 0.1 மோலாரிலிருந்து 1 மோலாருக்கு உயர்த்தி அதே வீச்சில் மறுபடி ஓட்டுங்கள். வெளியே குளோரைடு கூடும்போது உள்ளே இருக்கும் குளோரைடு வெளியேறுவது கடினமாகும். அதனால் குளோரைடு படலத்தின் முகடு (வளைவில் மின்னோட்டம் உச்சம் தொடும் இடம்) எதிர்மறைப் பக்கம் நகரும். மற்றதில் உள்ளே வரவேண்டியது சோடியம். வெளியே அது கூடினால் வேலை எளிதாகி, முகடு நேர்மறைப் பக்கம் நகரும். செறிவையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி 25 டிகிரியில் பத்து மடங்கு செறிவுக்கு 59 மில்லிவோல்ட். உண்மையில் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நமக்கு வேண்டியது திசை.

மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு மின்முனையில் மட்டும் கவனம். சொந்தமாகப் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய, மூடிய வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனைதான் வேண்டும். வெள்ளிக் கம்பியில் குளோரைடு பூசி நேராகக் கரைசலுக்குள் விட்டால், உப்பைக் கூட்டும்போது அந்தக் கம்பியின் மின்னழுத்தமும் 59 மில்லிவோல்ட் இறங்கிவிடும். அப்போது குளோரைடு படலம் அசையவே இல்லை என்றும், மற்றது இரு மடங்கு நகர்ந்தது என்றும் தோன்றும். ஆய்வக வசதிக்காகக் கம்பி வைப்பவர்கள் நிறையப் பேர். இந்தச் சோதனைக்கு அது ஆகாது.

படி 5: நேரயனியை மாற்றுதல்

சோடியம் குளோரைடுக்குப் பதில் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் குளோரைடு. குளோரைடு படலம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. சல்போனேட் படலத்தில் அந்தப் பருத்த நேரயனி நுழையச் சிரமப்படுவதால் முகடு தேயும் அல்லது இடம் மாறும்.

இரண்டும் சரியாக வந்த பிறகு பாரா-டொலுவீன் சல்போனேட்டில் ஒரு படலம் வளர்த்துப் பாருங்கள். நடுத்தரப் பருமன் என்பதால் அதில் எதிரயனி வெளியேறுவதும் நேரயனி உள்ளே வருவதும் சேர்ந்தே நடக்கும். வளைவைப் படிப்பதும் அதற்கேற்பக் கடினம்.