பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய

தமிழ்நாட்டில் படித்த நர்ஸ் பிரிட்டனில் வேலை பார்க்க, என்எம்சி எனப்படும் அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும்.

முதலில் பெயரைப் பாருங்கள். சான்றிதழில் ‘க. மீனா’, பாஸ்போர்ட்டில் ‘மீனா கண்ணன்’ என்றிருந்தால் இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.

ஆங்கிலத் திறனையும் காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7, எழுத்தில் 6.5 மதிப்பெண் வேண்டும்.

அடுத்து சிபிடி என்ற கணினித் தேர்வு, இந்தியாவிலேயே எழுதலாம். அதன்பின் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு, பிரிட்டனில், 10 கட்டங்களாக நடக்கும். கைதேர்ந்தவர்களும் இங்கே தடுமாறுவது, எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்யும் பழக்கத்தால்தான். மருந்து கொடுக்குமுன் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவரையே சொல்லச் சொல்லி, கைப்பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் ஒப்பிடுங்கள். ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். மனசுக்குள் சரிபார்த்தால் தேர்வாளருக்குத் தெரியாது, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நம்மூரில் நர்ஸ், மிட்வைஃப் இரண்டுக்கும் சேர்த்தே பதிவு. அங்கே தனித்தனி. நர்ஸாகப் பதிந்துவிட்டு மிட்வைஃபாகப் பிரசவம் பார்க்க முடியாது. அதற்கு வேறு விண்ணப்பம், வேறு தேர்வு.

வேலை வாங்கித் தரப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள். பிரிட்டனின் ஆளெடுப்பு நெறிமுறை அதை அனுமதிப்பதில்லை.