கூட்டத்துக்குக் காலை கேசரோல் செய்கிறீர்களா? இங்கெல்லாம் சொதப்பும்

முதல் முறை இருபது பேருக்குக் காலை உணவாக கேசரோல், அதாவது ட்ரேயில் அடுக்கி முட்டையும் பாலும் ஊற்றி ஓவனில் சுடும் உணவு, செய்தேன். ஓவனிலிருந்து எடுத்தபோது மேலே சீஸ் பொன்னிறமாக உருகி அவ்வளவு அழகாக இருந்தது, படமெல்லாம் எடுத்தாகிவிட்டது. கரண்டியை உள்ளே விட்டால் அடியில் குளம் கட்டி நிற்கிறது தண்ணீர். நடுவில் முட்டை கொழகொழவென்று இருந்தது, உருளைக்கிழங்கு நறுக்கென்று கடிபட்டது. ட்ரேயைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, பசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டாவது சுற்று காபி கொடுத்துச் சமாளித்தேன். அன்று ஒரே நாளில் செய்த தவறுகளும் அப்புறம் தவணை முறையில் செய்தவையும்தான் கீழே இருக்கின்றன.

பிரெட், உருளைக்கிழங்கு, சாஸேஜ், காய்கறி, சீஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ட்ரேயில் பரப்பி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி ஓவனில் வைப்பதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அத்தனையையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது அந்த முட்டைப்பால்தான். அதாவது, நீங்கள் செய்வது இனிப்பில்லாத ஒரு பெரிய கஸ்டர்டு, முட்டையும் பாலும் சூட்டில் சேர்ந்து உறைவது. கஸ்டர்டுக்கு ஆகாதவை இரண்டு, கூடுதல் தண்ணீரும் கூடுதல் சூடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். காளான், பசலைக்கீரை, சுக்கினி, தக்காளி எல்லாவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். பச்சையாக நறுக்கிப் போட்டால் ஓவன் சூட்டில் அந்தத் தண்ணீர் வெளியே வரும். அதே நேரத்தில்தான் முட்டையும் உறைந்துகொண்டிருக்கும், அதற்குள் புகுந்து கலக்க முடியாத தண்ணீர் நேராக அடிக்குப் போய்த் தேங்கிவிடும். அதனால் காய்களை முதலில் வாணலியில் வதக்குங்கள். வதக்குவது என்றால் இரண்டு புரட்டு புரட்டி இறக்குவது இல்லை, காளான் தண்ணீர் விட்டு, அது முழுக்கச் சுண்டி, மறுபடி எண்ணெயில் வறுபடும் சத்தம் கேட்கிற வரை. கீரையை வதக்கி ஆறவைத்துக் கையால் இறுக்கிப் பிழிய வேண்டும். உறைந்த காய்கறி என்றால் உறைநிலை போன பிறகு வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். தக்காளியை நான் உள்ளே போடுவதையே விட்டுவிட்டேன், பரிமாறும்போது பக்கத்தில் வைத்தால் போதும்.

உருளைக்கிழங்கு தனிக் கதை. மெல்லிசாகத்தானே நறுக்கியிருக்கிறோம், ஒரு மணி நேரம் ஓவனில் இருந்தால் வெந்துவிடும் என்று நினைத்தேன். வேகாது. உருளைக்கிழங்கு மிருதுவாவதற்கு அதன் உள்ளே கிட்டத்தட்ட 90 டிகிரி சூடு வேண்டும், முட்டைப்பாலோ 80 டிகிரியை ஒட்டியே உறைந்து முடிந்துவிடும். கிழங்கு வேகும்வரை காத்திருந்தால் முட்டை ரப்பராகும், முட்டை பதமாக இருக்கும்போது எடுத்தால் கிழங்கு பச்சையாக இருக்கும். ஆகவே முன்பே முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்து, ஆவி அடங்கும்வரை ஆறவிட்டுப் போடுங்கள். உறைந்த ஹாஷ் பிரவுன் (துருவிய உருளைக்கிழங்கு) பயன்படுத்தினாலும் ஐஸோடு கொட்டக் கூடாது, அந்த ஐஸும் தண்ணீர்தான்.

பிரெட் புதிதாக, மெத்தென்று இருந்தால் நல்லதுதானே என்றால், இதற்கு நல்லதில்லை. அது பாலை உறிஞ்சியவுடன் கூழாகிவிடும். ஒரு நாள் பழைய பிரெட், இல்லாவிட்டால் புதிய பிரெட்டைத் துண்டு போட்டு 150 டிகிரி ஓவனில் 10 முதல் 15 நிமிடம் காயவைத்தது. தொட்டால் மேல்பரப்பு வறண்டிருக்க வேண்டும், ரஸ்க் மாதிரி ஆகத் தேவையில்லை.

அளவு கேட்பீர்கள். 23க்கு 33 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு ட்ரேக்கு 12 முட்டை, 600 முதல் 700 மில்லி பால், 400 கிராம் பிரெட், 450 கிராம் சாஸேஜ், 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே சீஸ். பிரெட் இல்லாமல் உருளைக்கிழங்கு மட்டும் போட்டுச் செய்தால் பாலை 400 மில்லிக்குள் குறைத்துவிடுங்கள், கிழங்கு பிரெட் மாதிரி பாலைக் குடிக்காது. பலர் ஒரே பால் அளவை இரண்டுக்கும் போட்டுவிட்டு முட்டையைக் குறை சொல்கிறார்கள். கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம், முழுப்பால்தான், அதில் கால் பங்கு கிரீம் சேர்த்தால் இன்னும் வழவழப்பாக வரும்.

உப்பு விஷயத்தில் இரண்டு விதமாகவும் தப்பு நடக்கும். சாஸேஜிலும் சீஸிலும் உப்பு இருக்கிறதே என்று போடாமல் விட்டால் பிரெட்டும் கிழங்கும் சப்பென்று இருக்கும், சும்மா அள்ளிப் போட்டால் வாயில் வைக்க முடியாது. பச்சை முட்டையை நக்கிப் பார்க்கவும் முடியாது. நான் செய்வது இதுதான்: கலவையில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சின்ன வாணலியில் ஊற்றி வேகவைத்து, ஒரு துண்டு சாஸேஜோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு நிமிட வேலை.

சாஸேஜைப் பச்சையாகப் போடாதீர்கள், அதிலும் முந்தின இரவே சேர்த்து வைப்பதாக இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. முழுக்க வேகவைத்து, கொழுப்பை வடித்து, ஆறிய பிறகுதான் முட்டையோடு சேர வேண்டும். கொழுப்பை வடிக்காவிட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும்.

சரி, இப்போது கூட்டம். ஆட்கள் இரண்டு மடங்கு என்றால் ட்ரேயை இரண்டு மடங்கு ஆழமாக எடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு, என் முதல் கேசரோலைக் கவிழ்த்ததும் அதுதான். சூடு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத்தான் நகரும். ஆழம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதோடு நிற்காது, நான்கு மடங்கை நெருங்கும். நடு வேகும்போது ஓரம் காய்ந்து சுருங்கியிருக்கும். ஆழத்தை அப்படியே வைத்துக்கொண்டு ட்ரேயின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு ட்ரேயை மூன்றுக்கு நான்காக வெட்டினால் 12 துண்டு, ஆனால் அது 12 பேருக்குச் சாப்பாடு என்று நம்பிவிட வேண்டாம். வேறு எதுவும் இல்லாமல் இது மட்டும்தான் என்றால் எட்டுப் பேருக்குத்தான் சரியாக வரும், பழமும் ரொட்டியும் பக்கத்தில் இருந்தால் 12 தாங்கும்.

இரண்டு ட்ரேயை ஒரே ஓவனில் வைத்தால் பாதியில் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் மாற்றி வைத்து, 10 அல்லது 15 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் வெப்பத்தை 20 டிகிரி குறைக்க வேண்டும்.

முந்தின இரவே தயார் செய்து ஃப்ரிட்ஜில் வைப்பது நல்ல பழக்கம், பிரெட் நிதானமாக ஊறும். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, காலையில் ஜில்லென்று எடுத்து நேராகச் சூடான ஓவனில் தள்ளினால் பாத்திரம் வெடித்துச் சிதற வாய்ப்புண்டு. இரவு வைப்பதற்கு உலோக ட்ரேதான் நிம்மதி. கண்ணாடிதான் இருக்கிறது என்றால் ஓவன் சூடாகிற அந்த அரைமணி நேரமாவது வெளியே இருக்கட்டும். எப்படியும் குளிர்ந்த ட்ரேக்கு வழக்கத்தைவிட 10 முதல் 15 நிமிடம் அதிகம் ஆகும், அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஓவன் 175 டிகிரி. முதல் அரைமணி நேரம் ஃபாயில் போட்டு மூடி, அப்புறம் எடுத்துவிடுங்கள், மொத்தம் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். சீஸில் பாதியை உள்ளே கலந்துவிட்டு மீதியைக் கடைசி 15 நிமிடத்தில் மேலே தூவினால் கருகாது. சீக்கிரம் ஆகட்டும் என்று 220க்கு ஏற்றினால் மேலே கருகி, ஓரம் திரிந்து தண்ணீர் விடும், நடு அப்படியே இருக்கும்.

வெந்துவிட்டதா என்று கத்தி குத்திப் பார்ப்பது இதில் சரியாக வேலை செய்வதில்லை, உருகிய சீஸ் ஒட்டினாலும் வேகாத முட்டை மாதிரியே தெரியும். உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நட்டநடுவில் குத்துங்கள். முட்டைக்குக் குறைந்தது 71 டிகிரி, கோழி இறைச்சி இருந்தால் 74. நான் 75 வந்ததும் வெளியே எடுத்துவிடுவேன். 85ஐத் தாண்டினால் கஸ்டர்டு திரிந்துவிடும், அப்போது கசிகிற தண்ணீருக்குக் காய்கறியைக் குற்றம் சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் இல்லையா, ட்ரேயை லேசாக அசைத்துப் பாருங்கள்: நடுப்பகுதி ஜெல்லி மாதிரி ஆட வேண்டும், அலையடிக்கக் கூடாது.

எடுத்தவுடன் வெட்டாதீர்கள். 10, 15 நிமிடம் சும்மா விட்டால் உள்ளே மிச்சமிருக்கும் சூட்டில் நடு இறுகி, துண்டு துண்டாக எழும்பி வரும்.

தாமதமாக வருபவர்களுக்காக மணிக்கணக்கில் ஓவனில் சூடாக வைத்திருப்பதும் வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் கெடாது என்பது உண்மைதான், ஆனால் வெகுநேரம் சூட்டிலேயே இருந்தால் முட்டை காய்ந்து, வெளிறிய பச்சை நிறம் தட்டும். முட்டையிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது அது, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் சகிக்காது. இரண்டு ட்ரே இருந்தால் இரண்டாவதை 45 நிமிடம் தள்ளி ஓவனில் வையுங்கள், கடைசியில் வருபவருக்கும் சூடாகக் கிடைக்கும். மேஜையில் திறந்து வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும்.

மிஞ்சியது மூன்று, நான்கு நாள் இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் முட்டை மறுபடி தண்ணீர் விடும். குளிர்ந்த துண்டை விரல் தடிமனுக்கு வெட்டி, வெண்ணெய் விட்ட வாணலியில் மூடி போட்டுச் சிறு தீயில் உள்ளே நன்றாகச் சூடேறும்வரை வாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சிவந்து வரும், எனக்கு முதல் நாள் கேசரோலைவிட இதுதான் பிடிக்கும்.