நேரமில்லாத நகரத்து ஆட்களுக்குப் பின்னலும் நூற்பும்

ஊசியால் நூலைத் துணியாக்கும் பின்னல், நாரை முறுக்கி நூலாக்கும் நூற்பு, இவற்றைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பலரும் அதைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நிம்மதியாக உட்கார ஒரு நாள் கிடைக்கட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம். அந்த நாள் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இந்த இரண்டு வேலைகளும் ஓய்வு நேரத்துக்கென்று பிறந்தவை அல்ல. ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் பெண்கள், அடுப்பெரிக்க வெட்டிய கரிமண் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்து நடந்தபடியே பின்னினார்கள். இடுப்பில் கட்டிய தோல் வாரில் ஓட்டைகள் இருக்கும், ஒரு ஊசியின் முனையை அதில் செருகிவிட்டால் ஊசியைத் தாங்கிப் பிடிக்கும் வேலை கைக்கு மிச்சம். பிரான்ஸின் லாண்ட் பகுதியில் ஈரநிலத்தில் ஆடு மேய்த்தவர்கள் பொய்க்கால் கட்டைமேல் நின்றுகொண்டு காலுறை பின்னியிருக்கிறார்கள். ஆண்டிஸ் மலைப்பக்கம் நடந்துகொண்டே கதிர் என்கிற நூற்புக் குச்சியைச் சுற்றி நூற்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். வேறொரு வேலைக்கு நடுவே செய்வதுதான் இதன் இயல்பு. பொய்க்காலில் நின்று முடிந்தது, ரயில் சீட்டில் உட்கார்ந்து முடியாதா?

எனவே நேரத்தைத் தேடாதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கிற காத்திருப்புகளைப் பாருங்கள்: பயணம், டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் நேரம், நீங்கள் வாயே திறக்க வேண்டியில்லாத அலுவலக அழைப்புகள், பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துவரப் போய் வாசலில் நிற்கும் நேரம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுக்குத் தகுந்த வேலையைக் கையில் வைத்திருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எப்போதும் இரண்டு பின்னல்களை ஓடவிடுங்கள் என்பது என் கட்சி. ஒன்று வெளியே எடுத்துப்போக, கண்ணை மூடிக்கொண்டும் பின்னக்கூடியது. இன்னொன்று வீட்டில் வைக்க, எண்ணிப் பார்த்து, மாதிரிப் படத்தைப் பார்த்துப் பின்ன வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பூவேலை போட்ட சால்வையைக் கூட்டமான பேருந்தில் பிரிக்கிறவர்கள்தான் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் ஊசியைத் தூக்கிப் போடுகிறார்கள்.

வெளியே எடுத்துப்போக முதலில் எதைப் பின்னலாம்? எல்லோரும் ஸ்கார்ஃப் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரே அகலத்தில் போய்க்கொண்டே இருக்கும், பாதியில் சலிப்பு வந்துவிடும். அதைவிட, மூலையில் தொடங்கிக் குறுக்காக வளரும் ஒரு சதுரத் துணி நல்லது. பாத்திரம் துடைக்கலாம், முகம் துடைக்கலாம். கொஞ்சம் தடித்த பருத்தி நூல், 4.5 மில்லிமீட்டர் ஊசி. நான்கு கண்ணி, அதாவது ஊசிமேல் நான்கு நூல் வளையம், போட்டு ஒரு வரிசை பின்னுங்கள். அடுத்த வரிசையிலிருந்து இரண்டு கண்ணி பின்னி, நூலை ஊசிமேல் ஒரு சுற்று போட்டு, மீதியைச் சாதாரணமாகப் பின்னுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். ஊசியில் 44 கண்ணி வந்ததும் குறைக்க ஆரம்பியுங்கள்: ஒன்று பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, நூலை ஒரு சுற்று போட்டு, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, மீதியை அப்படியே பின்னுங்கள். இப்போது வரிசைக்கு ஒன்று குறையும். மறுபடி நான்கு ஆனதும் கண்ணிகள் பிரியாதபடி மூடிவிடுங்கள். அவ்வளவுதான். ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் அழகாக விழும், ‘நிட்’ என்கிற அடிப்படைக் கண்ணி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், அதன் மறுபக்கமான ‘பர்ல்’ இப்போதைக்கு வேண்டாம். எண்ண வேண்டியதும் அந்த 44 ஒன்றுதான். ஊசியை எப்படிப் பிடிப்பது, முதல் கண்ணி எப்படிப் போடுவது என்பதை எழுத்தில் படிப்பதைவிட வீடியோவில் யாராவது மெதுவாகச் செய்வதைப் பார்த்துவிடுங்கள், அரை மணியில் பிடிபடும்.

ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: இரண்டு நீள ஊசிகளுக்குப் பதில், நடுவே வளையும் கம்பி வைத்த வட்ட ஊசி வாங்குங்கள், 60 அல்லது 80 சென்டிமீட்டர். வட்ட ஊசி என்றால் தொப்பி மாதிரி வட்டமாகப் பின்னத்தான் என்று நினைக்கிறார்கள். தட்டையான துணியையும் திருப்பித் திருப்பி அதிலேயே பின்னலாம். பக்கத்து சீட்காரரின் விலாவில் ஊசி குத்தாது, பின்னலின் எடை மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும், ஒரு ஊசி மட்டும் கைநழுவி சீட்டுக்கு அடியில் உருண்டு போகவும் வழியில்லை. ஊசி மூங்கிலாக இருக்கட்டும். உலோகத்தில் கண்ணி வழுக்கி ஓடும். கை பழகியவர்களுக்கு அதுதான் வேகம், புதியவர்களுக்கு அதுவே தலைவலி. நூல் வெளிர் நிறமாக இருந்தால் மங்கலான வெளிச்சத்திலும் கண்ணி தெரியும். கறுப்பு நூலை, அனுபவம் எவ்வளவு இருந்தாலும், ராத்திரியில் தொடாதீர்கள்.

பையில் வேறென்ன? சின்னக் கத்தரி, நூல் முனையைச் செருகி முடிக்க மழுங்கிய ஊசி, இரண்டு ஊக்கு. ஊக்கு எதற்கென்றால், ஒரு கண்ணி நழுவினால் அதில் மாட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சரிசெய்யலாம். நூலைச் சிட்டமாகவே, அதாவது பெரிய வளையமாகச் சுற்றிய கட்டாக, வாங்கியிருந்தால் முதலில் உருண்டையாகச் சுற்றிவிடுங்கள், சிட்டத்திலிருந்து நேராகப் பின்ன உட்கார்ந்தால் சிக்கெடுப்பதிலேயே பயணம் முடிந்துவிடும்.

நடுவில் நிறுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் பின்னுகிறவருக்கு இதுதான் உண்மையான திறமை. இறங்கும் இடம் வந்துவிட்டது, வரிசை பாதியில் நிற்கிறது. பரவாயில்லை, கண்ணிகளை ஊசியின் நடுக்கம்பிக்குத் தள்ளிவிட்டுப் பையில் போடுங்கள். மறுபடி எடுக்கும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று குழம்பும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியின் முனைக் கண்ணியிலிருந்து தொங்குகிறதோ, அது வலது கையில் இருக்க வேண்டிய ஊசி. வலக்கைக்காரர்களுக்கு இந்த ஒன்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாற்றிப் பிடித்துத் தொடர்ந்தால் துணி நடுவில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை கூடிக் கோணிக்கொள்ளும். அடுத்தது, பின்னலைப் பார்த்தே படிக்கப் பழகுவது. ‘நிட்’ கண்ணி வி வடிவத்தில் தெரியும், அதன் முதுகுப்பக்கம் சிறு மேடாகத் தெரியும், அந்த மேடுதான் ‘பர்ல்’. எல்லா வரிசையும் ‘நிட்’ போட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு விழும்; மேடுகளை எண்ணினால் எத்தனை வரிசை பின்னினோம் என்று தெரிந்துவிடும், எங்கும் குறித்து வைக்க வேண்டியதில்லை. ஒரு வரிசை ‘நிட்’, ஒரு வரிசை ‘பர்ல்’ என்று மாற்றி மாற்றிப் போட்டால் முன்பக்கம் வழவழப்பாக வரும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். உங்கள் கை தப்பு செய்துவிட்டதென்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள், அந்தப் பின்னலின் குணமே அது.

வீட்டில் வைத்திருக்கும் கடினமான பின்னலுக்கு ஒரு காப்பு உண்டு. சரியாக வந்த ஒரு வரிசையில், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கோத்து அப்படியே விட்டுவிடுங்கள். பின்னால் எங்காவது தப்பினால், ஊசியை உருவி, பயமில்லாமல் அந்த நூல் வரை பிரிக்கலாம், கண்ணிகள் அங்கே நின்றுவிடும். களைத்துப்போய் வந்த இரவில் பின்னுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அளந்து பின்ன வேண்டியது எதுவானாலும், முதலில் பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று ஒரு சிறு துண்டு பின்னி, நனைத்து உலர்த்தி, பிறகு அளந்து பாருங்கள். அலுப்பான வேலைதான். துடைக்கும் துணிக்குத் தேவையில்லை, ஸ்வெட்டருக்குத் தப்பிக்க முடியாது.

இனி நூற்பு. இது வேறு மாதிரி. பின்னலை எங்கும் எடுத்துப்போகலாம், கதிரை ஓடும் ரயிலில் தொங்கவிட்டு நூற்பது எனக்குச் சரிப்பட்டு வரும் என்று தோன்றவில்லை, நிற்கவும் இடம் வேண்டும், கீழே விழவும் இடம் வேண்டும். ஆகவே நூற்பை வீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். ராட்டை இப்போது வேண்டாம். வட்டு மேலே இருந்து, நுனியில் கொக்கி வைத்த, 30 முதல் 40 கிராம் எடையுள்ள ஒரு கதிர் போதும். நாருக்கு, சீவித் திரியாக்கிய ஆட்டுக் கம்பளி. காரிடேல் இன ஆட்டு ரோமம் கிடைத்தால் அதுவே ஆரம்பத்துக்கு நல்லது. மெரினோ இன ரோமம் மிருதுதான், ஆனால் கையில் வழுக்கும். பருத்தியில் தொடங்கத்தான் நம்மில் பலருக்கு ஆசை. ஆனால் பருத்தி நார் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், நிறைய முறுக்கு கேட்கும், கொஞ்சம் எடை கூடினாலும் அறுந்துவிடும். கம்பளியில் கை பழகிய பிறகு தக்ளிக்கு, அதாவது பருத்தி நூற்கும் சின்னக் கதிருக்கு, வாருங்கள். அதன் முனையைச் சின்னக் கிண்ணத்தில் ஊன்றிச் சுற்றுவதால் நூலில் பாரம் ஏறாது, மேசையிலேயே நூற்கலாம்.

தொடங்குகிறவர்கள் சுற்றுவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்துத்தான் நொந்துபோகிறார்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். கதிரில் அரை மீட்டர் கம்பளி நூலைக் கட்டி, கொக்கியில் மாட்டி, அதன் முனைமேல் திரியின் நுனியை ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டிவைத்து இடது கையால் கிள்ளிப் பிடியுங்கள். கதிரை வலஞ்சுழியாகச் சுற்றிவிடுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே முறுக்கு நன்றாக ஏறியதும் கதிரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி நிறுத்திவிடுங்கள். இனி அவசரமே இல்லை. வலது கையை இடது கை கிள்ளிய இடத்துக்குக் கொண்டுவந்து அதைப் பிடித்துக்கொள்ள, இடது கை நாரின் நீளம் அளவுக்குப் பின்னால் போய் மெல்ல இழுக்கட்டும். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி மெலிதாக நீளும். போதும் என்கிற தடிமன் வந்ததும் வலது கையின் பிடியை லேசாக விடுங்கள், தேங்கி நின்ற முறுக்கு ஓடிவந்து அந்த மெலிந்த நாருக்குள் ஏறி அதை நூலாக்கிவிடும். கண் முன்னால் நடக்கும் இந்த ஒரு நொடிக்காகத்தான் நூற்கிறவர்கள் நூற்கிறார்கள் என்பேன். முறுக்கு தீர்ந்ததும் மறுபடி சுற்றுங்கள், கை நீளத்துக்கு நூல் வந்ததும் கதிரில் சுற்றிவையுங்கள்.

நார் இழுபடவே மறுத்தால், இரண்டு கைகளும் மிக நெருக்கமாக இருக்கின்றன அல்லது முறுக்கு திரிக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். கையை இன்னும் தள்ளிப் பிடியுங்கள், முறுக்கைக் கொஞ்சம் பின்னுக்கு அவிழ்த்துவிடுங்கள். நூல் இரண்டாகப் பிரிந்து கதிர் விழுந்தால் முறுக்கு போதவில்லை. நூலைத் தளர்த்தினால் தானே சுருண்டு சுருண்டு வால் போட்டால் முறுக்கு அதிகம். கதிர் நின்று எதிர்ப்பக்கம் திரும்பச் சுற்றுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றிய முறுக்கையெல்லாம் அது சத்தமில்லாமல் இறக்கிவிடும். இந்த இடுக்கி நிறுத்தும் முறையின் பெரிய லாபம், அழைப்பு மணி அடித்தால் எழுந்து போகலாம், எதுவும் கெடாது.

இப்படி வந்த ஒற்றைப் புரி நூல் முறுக்கிக்கொண்டு தொல்லை கொடுக்கும். அதனால் இரண்டு உருண்டைகளாகச் சுற்றி, இரண்டு நூலையும் சேர்த்து, இந்த முறை இடஞ்சுழியாகக் கதிரில் முறுக்குங்கள். எதிர்த்திசை என்பது முக்கியம், ஒன்றின் முறுக்கை மற்றொன்று சமன் செய்யும். பிறகு சிட்டமாக எடுத்து நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, துண்டில் சுற்றி அமுக்கித் தொங்கவிடுங்கள். தேய்க்கவோ கசக்கவோ கூடாது, கம்பளி ஒட்டிக் கெட்டியாகிவிடும். முதல் நூல் ஒரு இடம் தடிப்பாகவும் ஒரு இடம் மெலிசாகவும்தான் வரும், அதை அப்படியே தடித்த ஊசியில் பின்னிவிடுங்கள். இதே கோணல் நூலைத்தான் ஆலைகள் வேண்டுமென்றே தயாரித்து விற்கின்றன.

சின்ன வீட்டில் நூல் சேர்ப்பதில் அளவு வேண்டும். கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தின்றுவிடும், காற்றுப் புகாத ஜிப் பைகளில் வையுங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் பையோடு ஃப்ரீசரில் இரண்டு வாரம் போட்டுவிடலாம்.

சந்தோஷத்தைப் பற்றி: பின்னினால் மனசு அமைதியாகிவிடும் என்று உத்தரவாதம் எதுவும் கொடுக்கமாட்டேன், சில நாள் எரிச்சல்தான் வரும். ஆனால் காத்திருக்கும் நேரத்தில் தானாகப் போனுக்குப் போகிற கைக்கு வேறொரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு தடயமும் மிஞ்சுகிறது. அதனால் இத்தனை நாளில் இதை முடிப்பேன் என்று இலக்கு வைத்து இதையும் ஒரு அலுவலக வேலையாக்கிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன பின்னுகிறீர்கள் என்று கேட்பார்கள், சிலர் தங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பேசப் பிடிக்காத நாளில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை கையை உதறுங்கள். மணிக்கட்டோ கட்டைவிரலோ வலித்தால் அன்றைக்கு அதோடு சரி.

ஒன்றை முடித்த பிறகு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டே இரண்டு வாரம் ஓடிவிடும், பழக்கம் விட்டுப்போவது அங்கேதான். அதனால் கையில் இருப்பதில் கடைசிப் பத்து வரிசை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு வேறொரு ஊசியில் கண்ணி போட்டு, முதல் இரண்டு வரிசையும் பின்னி, பையின் அடியில் தயாராக வைத்துவிடுங்கள்.