அலுமினியத்தில் கார் பில்லர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃகுக்குப் போட்ட வரைபடத்தை எடுத்து, பொருள் என்ற கட்டத்தில் மட்டும் அலுமினியம் என்று மாற்றினால் பில்லரின், அதாவது காரின் கூரையைத் தாங்கும் தூணின், எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் என்று நம் ஊரைச் சுற்றிலும் கார் தொழில் வளர்ந்திருக்கிறது. மின்சாரக் கார்களின் பாட்டரி எடை ஏற ஏற, உடற்கூட்டின் எடையைக் குறைக்கும் நெருக்கடி இங்குள்ள வடிவமைப்பாளர்களின் மேசைக்கும் வந்துவிட்டது. அவசரத்தில் இந்த நம்பிக்கை எளிதாக நுழைந்துவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தின் எடை 2.7 கிராம், எஃகு 7.85 கிராம். இது வரை சரி. ஆனால் விறைப்பை, அதாவது விசைக்கு வளைந்து கொடுக்காத தன்மையைத், தீர்மானிக்கும் மீள்மைக் குணகம் எஃகுக்கு ஏறத்தாழ 210 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70தான். எந்தக் கலவையை எடுத்தாலும், எப்படிப் பதப்படுத்தினாலும் இந்த 70 பெரிதாக மாறாது. சூடாக்கி இறுக வைக்கும் டி6 பதத்துக்குக் கொண்டுபோனால் விறைப்பும் கூடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கூடுவது வலிமை, அதாவது நிரந்தரமாக நெளியாமல் தாங்கும் திறன், மட்டுமே.

பானெட் போன்ற தட்டையான தகட்டில் அலுமினியம் நன்றாகக் கைகொடுக்கும். தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், தடிமனை 1.44 மடங்காக்கினாலே எஃகுக்கு ஈடான விறைப்பு கிடைத்துவிடும்; எடையும் பாதியாகக் குறையும். பில்லர் தகடு அல்ல, மூடிய குழாய். அதன் வெளி அளவை மாற்றாமல் சுவரை மட்டும் தடிமனாக்கினால் விறைப்பு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் ஏறும். 1.5 மி.மீ. எஃகுச் சுவருக்குப் பதில் 4.5 மி.மீ. அலுமினியச் சுவர் வேண்டும். எடை போட்டுப் பாருங்கள்: பழைய எடையேதான், ஒரு பிடி கூடுதலாகவும் இருக்கும். காசும் போய் பலனும் இல்லை.

வழி, குறுக்குவெட்டைப் பெரிதாக்குவது. சுவர்த் தடிமனை அப்படியே வைத்துக்கொண்டு குழாயின் அகலத்தையும் ஆழத்தையும் 1.44 மடங்காக்கினால் விறைப்பு ஈடாகிவிடும், எடை பாதியாகும். ஆனால் முன் கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் ஏ-பில்லரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதிவிடுவது அடுத்த தவறு. வடபழனி சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும் ஓட்டுநருக்கு அந்தப் பருத்த பில்லர் ஒரு ஸ்கூட்டரையே முழுதாக மறைத்துவிடும். ஒரு ஏ-பில்லர் மறைக்கும் கோணம் 6 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று ஐ.நா. விதி 125 சொல்கிறது. ஆகவே பார்வைக்கோட்டின் திசையில் ஆழத்தைக் கூட்டி, அதற்குக் குறுக்கே ஒடுக்க வேண்டும். சூடான உலோகத்தை அச்சுத் துளை வழியே பிதுக்கும் எக்ஸ்ட்ரூஷன் முறையின் அருமை இங்கேதான் தெரியும். ஒரே குழாயில் வெளி ஓரச் சுவர்களைத் தடிப்பாகவும் பக்கச் சுவர்களை மெல்லியதாகவும் பிதுக்கி எடுக்கலாம். உள்ளே குறுக்குச் சுவர் ஒன்றும் சேர்க்கலாம். அந்தக் குறுக்குச் சுவர் அலங்காரத்துக்கு அல்ல. குணகம் குறைந்த உலோகத்தில் மெல்லிய அகலச் சுவர் எஃகைவிட வெகு சீக்கிரம் நெளிந்து மடியும். அதைத் தடுப்பது அதுதான்.

முன், பின் கதவுகளுக்கு நடுவே நிற்கும் பி-பில்லர் கதை வேறு. பக்கவாட்டு மோதலில் அங்கே விறைப்பைவிட வலிமைதான் முதல் கேள்வி. சூடாக்கி அச்சில் அழுத்திய போரான் எஃகின் இழுவலிமை 1500 மெகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. 6082-டி6 என்ற அலுமினியக் கலவை 250 சொச்சத்திலேயே நெகிழத் தொடங்கிவிடும். எடைக்கு எடை ஒப்பிட்டாலும் எஃகே முந்துகிறது. 1994இல் முழு அலுமினிய உடற்கூட்டோடு ஏ8 காரைக் கொண்டுவந்து, அலுமினியத்தில் கரைகண்ட ஆடி நிறுவனமே 2017இல் வெளியிட்ட தலைமுறையில் பி-பில்லருக்குச் சூட்டில் உருவாக்கிய எஃகைத் தேர்ந்தெடுத்தது. எடையைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்து, பயணியைக் காக்க வேண்டிய இடத்தில் எஃகை வைப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை என்பதே என் கருத்து.

அலுமினியம்தான் என்று முடிவாகிவிட்டால், பில்லர் நெடுகிலும் ஒரே பலம் கொடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் பக்கவாட்டு மோதல் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. மோதலில் பில்லர் மடிவது, இருக்கையின் உயரத்திலோ அதற்குக் கீழேயோ நடக்க வேண்டும். மார்பும் தலையும் இருக்கும் உயரத்தில் பில்லர் உள்ளே பாயவே கூடாது.

இணைப்புகளில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன 6082 உள்ளிட்ட 6000 வரிசைக் கலவைகளின் வலிமை, பதப்படுத்தும்போது உள்ளே உருவாகும் நுண்துகள்களால் வருவது. வெல்டிங்கின் சூடு அந்தத் துகள்களைக் குலைத்துவிடும். வெல்டிங் தையலின் இருபுறமும் ஏறத்தாழ ஓர் அங்குல அகலத்துக்கு வலிமை பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். வெல்டிங் செய்த குழாயை மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் வைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பளபளப்பான தையல் அப்படியே நிற்கும், அதற்குப் பக்கத்தில், மேலுக்கு எந்தக் குறையும் தெரியாத இடத்தில் சுவர் சுருங்கி மடியும். ஆகவே வளைவு விசை உச்சத்தில் இருக்கும் இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. துளைத்துப் பதியும் ரிவெட்டும் கட்டமைப்புப் பசையும் சேர்ந்த இணைப்பு நல்ல மாற்று. ஆனால் அந்த ரிவெட் துப்பாக்கிக்கு இரு பக்கமும் கை நுழைய வேண்டும். மூடிய குழாயை வரைந்து முடித்த பிறகு இதை யோசித்தால் வரைபடம் மறுபடியும் முதலிலிருந்துதான்.

பெயின்ட்டைக் காய வைக்கும் அடுப்பையும் மறந்துவிடுவார்கள். எஃகுக் கூரையோடு இணைந்த ஒரு மீட்டர் அலுமினிய பில்லர் 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 3.45 மி.மீ. நீளும், எஃகு 1.8 மி.மீ.தான் நீளும். அந்த 1.65 மி.மீ. வித்தியாசத்தைப் பசை இறுகும் முன்பே ரிவெட்களின் இடைவெளியில் கணக்கில் எடுக்காவிட்டால், கார் அடுப்பிலிருந்து நெளிந்த விளிம்போடு வெளியே வரும்.

சென்னைக்கென்று ஒரு தனிக் கவலை உப்புக் காற்று. ஏற்றுமதிக் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே கப்பலுக்குக் காத்து நிற்கின்றன. அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலமாகி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளை மாவு போலப் பூக்கும். பெயின்ட் கொப்பளித்து உரியும். பூச்சுள்ள ரிவெட், இடையில் பசைப் படலம், விளிம்பில் சீலர் ஆகிய மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் பின்னால் அனுபவிக்க வேண்டியிருக்கும். பில்லரின் அடியில் வடிகால் துளையும் அவசியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஊரில் எத்தனை கார்கள் கதவு வரை வெள்ளத்தில் நின்றன! உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாத குழாய் உள்ளிருந்தே அரிக்கும். மின்சாரத்தால் படியவைக்கும் முதல் பூச்சான மின்படிவு பிரைமர் உள்சுவரில் படிவதற்கும் அதே துளைகள் வேண்டும்.

மோதலைக் கணக்கிடும் கணினி மாதிரியில் கையேட்டு மதிப்புகளை அப்படியே போடுவது பற்றி ஒரு வார்த்தை. முழுதாக இறுகாத டி4 பதத்தில் வரும் தகடு கிடங்கில் கிடக்கும்போதே மெல்ல இறுகும், பெயின்ட் அடுப்பில் இன்னும் இறுகும். மோதலைச் சந்திக்கப்போவது அடுப்பைத் தாண்டிய அந்த உலோகம்தான்; அதிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்த எண்களைப் போடுங்கள். உலோகம் எப்போது பிளக்கும் என்று சொல்லும் விரிசல் விதியும் அந்தக் கணினி மாதிரியில் இருக்க வேண்டும். அது இல்லாத மாதிரியில் நிஜத்தில் பிளந்துபோகும் அலுமினியம் திரையில் அழகாக வளைந்து கொடுக்கும்.

கடைசியாக, பழுதுபார்ப்பவரை நினைக்காமல் வரைவது. நம் டிங்கரிங் பட்டறைகளில் காஸ் சுடர் காட்டி, நிறம் பார்த்து, தட்டி நிமிர்த்துவது வழக்கம். அலுமினியம் உருகும் வரை நிறம் காட்டாது. 200 டிகிரியைத் தாண்டினாலே பதத்தை இழக்கத் தொடங்கும். அப்படி நிமிர்த்திய பில்லர் பார்வைக்குப் புதியது போலவே இருக்கும், அடுத்த மோதலில் தாங்காது. சூடாக்கக் கூடாது என்பதையும், எந்தக் கோட்டில் வெட்டி எந்தத் துண்டைப் புதிதாக ரிவெட்டும் பசையும் கொண்டு பொருத்த வேண்டும் என்பதையும் வடிவமைப்பாளரே முதல் வரைபடத்தில் குறித்துக் கொடுத்து, பழுதுபார்ப்புக் கையேட்டில் தமிழிலும் அச்சிடச் செய்ய வேண்டும்.