புல் பாலத்தில் நடக்கப் போகிறீர்களா?

பெரு நாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மச்சு பிச்சு இடிபாடுகளைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். குஸ்கோ நகரில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அபுரிமாக் ஆற்றின் மேல் தொங்கும் கெஸ்வசாக்கா பாலத்தைப் பார்த்துவிடுங்கள். இன்கா பேரரசுக் காலத்து முறைப்படி, முழுக்கப் புல் கயிற்றால் கட்டியது.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஆண்டுதோறும் ஜூனில் சுற்றுவட்டாரக் கெச்சுவா பழங்குடி மக்கள் பழைய பாலத்தை அறுத்து ஆற்றோடு விட்டுவிட்டு, மூன்றே நாளில் புதிது கட்டுகிறார்கள். புல்லை நனைத்து, கல்லால் தட்டி, உள்ளங்கையில் திரித்த மெல்லிய கயிறுகள்தான் கடைசியில் தொடை கனத்துக்கு வடமாகின்றன. மிதிக்க நான்கு வடம், பிடிக்க இரண்டு. ஜூலை, ஆகஸ்டில் போனால் எல்லாம் புதுக்கருக்கோடு விறைப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், வேண்டவே வேண்டாம். கொரோனாவால் 2020இல் புதுப்பிக்காமல் விட்ட பாலம், 2021 மார்ச்சில் அறுந்தே விழுந்தது!

நடக்கும்போது இரு கையும் வடத்தில் இருக்கட்டும், பார்வை எதிர்க்கரையில். முன்னால் போகிறவர் இறங்கிய பிறகு ஏறினால் ஆட்டம் குறையும். செல்ஃபியைக் கரையில் எடுத்துக்கொள்ளலாம். இடம் 3,600 மீட்டருக்கு மேல் என்பதால், குஸ்கோவில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு கிளம்புங்கள்.